பேறுகாலத்துக்கு பஃபலோ போகும் அம்மாக்களுக்கு: முதல் பனிக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

2024 நவம்பர் 18, இரவு பத்தரை மணி. அமெரிக்காவின் பஃபலோ விமான நிலைய வாசலில் நான் பஞ்சாபி உடுப்பும் மெல்லிய ஸ்வெட்டருமாக, காலில் செருப்போடு நின்றேன். வீட்டுக்காரர் கோலாலம்பூரில் போட்ட அதே பருத்திச் சட்டையில் இருந்தார். வெளியே 5 டிகிரி. குளிருக்கென்று வாங்கியதெல்லாம் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ நியூயார்க்கிலேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளை தன் ஜாக்கெட்டைக் கழற்றி மாமனாருக்குப் போட்டுவிட்டு, தான் நடுங்கிக்கொண்டே போய்க் காடியை (காரை) எடுத்து வந்தார். உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் என் விரல்கள் மடங்கவில்லை.

நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். மகளுக்கு டிசம்பர் நடுவில் முதல் பேறுகாலம் என்று தெரிந்ததும் பிரசவ மருந்து இடிப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடக் குளிருக்கு நாங்கள் காட்டவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டோம். நம் ஊரிலேயே மூன்று குடும்பங்கள் என்னிடம் விவரம் கேட்டுவிட்டன. எல்லோருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இது ஈரி ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள பஃபலோவுக்கு நவம்பர், டிசம்பரில் போகிறவர்களுக்கானது. ராச்செஸ்டர், சிராக்யூஸ் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கனடா பக்கம் போகிறவர்கள் விசா பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

1. பிள்ளை பிறக்கும் தேதியை மட்டும் பார்த்துப் பயணத் தேதி வைக்காதீர்கள்

பேறுகாலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் போனால் போதும் என்றுதான் நாமெல்லாம் கணக்குப் போடுவோம். அங்கே பனியின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏரிப்பனி எப்படி விழுகிறது என்று தெரிந்தால் தேதி வைப்பது எளிது. நவம்பர் நடுவில் ஏரித் தண்ணீர் இன்னும் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வடக்கேயிருந்து வரும் உறைகாற்று அந்தத் தண்ணீர்மேல் ஓடும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறக்குறைய 388 கிலோமீட்டர் நீளம். காற்று அந்த நீளவாக்கில் அடித்தால் முழு ஈரமும் பஃபலோ பக்கம்தான் வந்து சேரும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் சனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் மேலே உறைந்து மூடிக்கொள்ளும். மூடிய பிறகு இந்தப் பனி குறைந்துவிடும். ஆக, குளிர்காலத்தின் தொடக்கம்தான் ஏரிப்பனிக்கு மிக மோசமான காலம். "சனவரியில்தானே குளிர், நவம்பரில் என்ன" என்று நான் நினைத்தது தவறு. 2022-இல் நவம்பர் 17 முதல் 20 வரை விழுந்த பனி, பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் ஏறக்குறைய 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டர்.

அதனால் டிசம்பர்ப் பேறுகாலம் என்றால் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ போய் இறங்கிவிடுங்கள். உடம்பு பழகவும், அங்கே உடுப்பு வாங்கவும், வீட்டை ஆயத்தம் செய்யவும் இரண்டு வாரம் கிடைக்கும். நாங்கள் அதைவிடத் தாமதமாகப் போனோம். அதற்குரிய கஷ்டத்தைப் பட்டோம்.

2. தாள்கள்: சூன், சூலையிலேயே தொடங்குங்கள்

*கடப்பிதழ்.* 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 100 ரிங்கிட், அதற்குக் கீழே 200. குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் காலையிலேயே போனால் பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். காலாவதி நெருங்கும் கடப்பிதழில் விசா வாங்காதீர்கள். முதலில் புதுப்பித்துவிட்டு அப்புறம் விசாவுக்குப் போங்கள்.

*விசா.* நமக்கு வேண்டியது பி1/பி2 வருகையாளர் விசா. டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நாங்கள் போன 2024-இல் கட்டணம் ஆளுக்கு 185 அமெரிக்க டாலர். நாங்கள் கட்டிய சமயம் அது 870 வெள்ளிக்குப் (ரிங்கிட்டுக்குப்) பக்கத்தில் வந்தது. விசா கிடைக்காவிட்டாலும் காசு திரும்பாது. நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். காலை நேரம் கிடைத்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள், யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை:

- டிஎஸ்-160 உறுதித்தாள், கட்டண ரசீது, நேர்காணல் தேதித்தாள்
- மகளின் பிறப்புச் சான்றிதழ் (அதில் உங்கள் பெயர் இருப்பதுதான் முக்கியம்)
- மகள், மாப்பிள்ளை இருவரின் விசா அல்லது குடியிருப்பு அட்டை நகல்
- மகள் எழுதிய அழைப்புக் கடிதம், பேறுகாலத் தேதி குறித்து அவள் டாக்டர் கொடுத்த கடிதம்
- ஓய்வூதியத் தாள், வங்கிக் கணக்கு அறிக்கை, வீட்டுக் கெரான் (உரிமைப் பத்திரம்) நகல்

கடைசி வரியில் உள்ளவை நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதைக் காட்டுவதற்கு. எங்களிடம் கேட்டது மூன்றே கேள்விகள்: யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் அங்கே என்ன செய்கிறார், எப்போது திரும்புவீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மகள் பேறுகாலத்துக்குத் துணையாகப் போகிறோம் என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு இடங்களில் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஒன்று, படம். அமெரிக்க விசாவுக்கு 5 சென்டிமீட்டர் சதுரமாக, கண்ணாடி அணியாமல் எடுத்த படம் வேண்டும். கடையில் சும்மா "விசா படம்" என்றால் நம் ஊர் அளவில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, இன்னாரின் மகள், மகன் என்பதைக் குறிக்க நம் பெயரில் வரும் ஏ/பி, ஏ/எல். அந்தச் சாய்கோடு விமான டிக்கெட்டில் ஏறாது. கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போடுவார்கள், அது பரவாயில்லை. ஆனால் பெயரின் வரிசையும் எழுத்துக்கூட்டலும் கடப்பிதழ், விசா, டிக்கெட் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

3. டிக்கெட்

கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. எங்காவது ஓர் இடத்தில் மாறி நியூயார்க் போன்ற பெரிய நகரத்தில் இறங்கி, அங்கிருந்து சின்ன விமானத்தில் பஃபலோ போக வேண்டும். பனிக்காலத்தில் தடைபடுவது இந்தக் கடைசித் துண்டுதான்.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் ஐந்நூறு அறுநூறு வெள்ளி மிச்சம் என்று தோன்றும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. கடைசி விமானம் பகலில் இருந்தால் நல்லது. ரத்தானாலும் அன்றைக்கே இன்னொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. எங்களுடையது இரவின் கடைசி விமானம், அதனால்தான் பெட்டியும் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

டொரோண்டோ வழியாகப் போகலாம், அங்கிருந்து காடியில் இரண்டு மணி நேரம்தான் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். டிக்கெட் மலிவுதான். ஆனால் மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். விமான நிலையத்தில் மாறுவதற்குக்கூட முன்னனுமதி வேண்டும். அமெரிக்க விசா கையில் இருக்கிறதே என்று டிக்கெட் போட்டுவிட்டுக் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் நிற்காதீர்கள்.

பெட்டியில் சாமான் வைக்கும்போது இரண்டு எச்சரிக்கை. மிளகாய்த்தூள், பிரசவ மருந்துப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் கொண்டுபோனால் நிறுத்திச் சோதிப்பார்கள், எறிந்துவிடவும் கூடும். பச்சைக் கறிவேப்பிலையும் இறைச்சி சேர்ந்த எதுவும் ஆகாது. கோழிச்சாறு கட்டி, கோழி மசாலா சேர்ந்த மெகி மீயும் இறைச்சிக் கணக்கில்தான் வரும். நெத்திலிக் கருவாடு கொண்டுபோகலாம். கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமானை எல்லாம் இறங்கியதும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் தண்டம்.

4. காப்புறுதியும் மருந்தும்

காப்புறுதி இல்லாமல் அமெரிக்காவில் கால் வைக்காதீர்கள். ஐஸில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தால் வரும் பில் உங்கள் பயணச் செலவையே தாண்டிவிடும். எங்கள் இருவருக்கும் 90 நாளுக்கு 1,300 வெள்ளி ஆனது. வாங்கும்போது வயது வரம்பையும், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மலிவான திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒதுக்கிவிடும்.

அரசாங்கக் கிளினிக்கில் வழக்கமாக ஒரு மாத மருந்துதான் தருவார்கள். டிக்கெட்டைக் காட்டி முன்கூட்டியே கேட்டால் கூடுதலாகத் தர ஏற்பாடு செய்வார்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். என்னென்ன மருந்து, எவ்வளவு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகும் போடக் கூடாது. கைப்பையிலேயே வையுங்கள். அங்கே கடைக்குப் போகும்போது காடியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். நம் ஊரில் காடிக்குள் மருந்து வெந்துவிடுமே என்று பயப்படுவோம், அங்கே உறைந்துவிடும்.

5. உடுப்பு: எதை இங்கே, எதை அங்கே

அதிகக் காசை வீணாக்கியது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பேரங்காடியில் "வின்டர் ஜாக்கெட்" என்று எழுதி மாட்டியிருந்ததைப் பார்த்து, ஆளுக்கு ஒன்று 460 வெள்ளிக்கு வாங்கினோம். தடிமனாக இருந்தது, கடையில் போட்டுப் பார்த்ததும் வியர்த்தது. அதுவே போதும் என்று நம்பினோம். அங்கே போனதும்தான் அதற்குள் காற்று புகும், பனி உருகினால் நனையும் என்று தெரிந்தது. ஏரிக்கரையில் குளிரைவிடக் காற்றுதான் ஆளைத் தின்னும். 0 டிகிரியில் காற்றில்லாத நாளில் நான் வாசலில் நின்று பேசியிருக்கிறேன். அதே 0 டிகிரியில் காற்று அடித்த நாளில் குப்பைத்தொட்டி வரை போய்வர முடியவில்லை. ஆகவே ஜாக்கெட்டைக் கையில் எடுத்தால் எவ்வளவு தடிப்பு என்று பார்க்காதீர்கள். காற்றும் தண்ணீரும் உள்ளே புகாத துணியா, தலையை மூடும் தொப்பி சேர்ந்திருக்கிறதா, இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

இங்கே வாங்க வேண்டியது உள்ளே போடும் மெல்லிய தெர்மல் மட்டும். யூனிக்லோ கடையில் ஹீட்டெக் என்ற தெர்மலை மேலும் கீழுமாக ஆளுக்கு இரண்டு செட் வாங்கினோம், ஓர் உருப்படி 60 வெள்ளிக்குள். மூன்று மாதமும் தினமும் அதைத்தான் போட்டோம். புடவை கட்டுகிறவர்கள் உள்பாவாடைக்குள் இதைப் போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது. பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த ஈரமே குளிரும். நம் உடம்புக்குப் பருத்திதான் நல்லது என்று பழகியவர்களுக்கு இது ஏற்கக் கஷ்டமாக இருக்கும்.

இறங்கும் நாளுக்கென்று ஒரு ஜாக்கெட் கையில் வேண்டும். அதற்குப் பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பான், கொரியாவிலிருந்து வரும் பழைய குளிர் ஜாக்கெட்டுகள் 40, 50 வெள்ளிக்குக் கிடைக்கும். நம் ஊரில் யாரும் வாங்காததால் விலை படியும். ஜிப் வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து, துவைத்து, கைப்பையில் வையுங்கள். கூடவே காலுறை, மூடிய சப்பாத்து, ஒரு சால்வை.

மற்றதெல்லாம் அங்கே. பூட்ஸ் கட்டாயம் அங்கேதான். தண்ணீர் புகாத, உள்ளே கம்பளி வைத்த, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ் எங்களுக்கு 55 டாலருக்குக் கிடைத்தது. தடிமனான காலுறையைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் குளிரும். நல்ல ஜாக்கெட், பழைய உடுப்பு விற்கும் கடையில் 22 டாலர். கையுறையில் விரல் விரலாகப் பிரிந்ததைவிட, நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வகை அதிகச் சூடு தரும். நவம்பரின் நான்காவது வியாழன் அவர்களுக்கு நன்றித் திருநாள். மறுநாள் பெரிய மலிவு விற்பனை நடக்கும். ஆனால் அதற்காகக் காத்திருந்து அதுவரை குளிரில் கஷ்டப்பட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் 110 டாலருக்குக் கீழ்ப்பட்ட உடுப்புக்கும் காலணிக்கும் மாநில வரி இல்லை, மாவட்ட வரி மட்டும் இருக்கும்.

6. வானிலை அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள்

முதல் வாரம் மகளின் கைப்பேசியில் 30 என்று பார்த்தேன். நம் ஊர் 30 மனத்தில் வர, கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனேன். அது பாரன்ஹீட். அந்தக் கணக்கில் தண்ணீர் உறைவது 32-இல். 30 என்றால் சைபருக்குக் கீழே. உங்கள் கைப்பேசியைச் செல்சியஸுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் தொலைக்காட்சியிலும் அக்கம்பக்கத்திலும் பாரன்ஹீட்தான் பேசுவார்கள். 50 என்றால் 10, 32 என்றால் 0, 14 என்றால் மைனஸ் 10. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தால் போதும். பனியை அங்குலத்தில் சொல்வார்கள், 12 அங்குலம் என்றால் 30 சென்டிமீட்டர்.

வெப்பநிலைக்குப் பக்கத்தில் "விண்ட் சில்" என்று இன்னொரு எண் வரும். காற்றையும் சேர்த்து உடம்பு எப்படி உணரும் என்பது அது. நீங்கள் உடுத்த வேண்டியது அந்த எண்ணுக்கு. அது மைனஸ் 27-க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறைந்து புண்ணாகும்.

அடுத்தது மிக முக்கியம். ஏரிப்பனி ஊர் முழுக்கச் சமமாக விழாது. ஒரு பட்டையாக நீண்டு வந்து, அந்தப் பட்டைக்குள் அகப்பட்ட இடத்தில் மட்டும் கொட்டும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. நாங்களும் மாப்பிள்ளையும் பஃபலோவுக்கு வடக்கே அம்ஹர்ஸ்டில் உள்ள இந்தியக் கடைக்குப் போனோம். ரோடு காய்ந்து கிடந்தது, வெயில்கூட இருந்தது. மகள் வீடு தெற்கே. திரும்பி வரும்போது ஓரிடத்தில், முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பதுபோல் இருந்தது. அதற்குள் நுழைந்ததும் காடியின் முன்பக்கம்கூடச் சரியாகத் தெரியவில்லை. நாற்பது நிமிட வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. நிறைமாத மகள் வீட்டில் தனியாக இருந்தாள். அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஆகவே, புறப்படும் இடத்தில் வெயில் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேசிய வானிலைச் சேவையின் அறிக்கையில் "லேக் எஃபெக்ட் ஸ்னோ வார்னிங்" என்று வந்தால், போகிற வழியில் உள்ள எல்லா ஊரையும் பாருங்கள். "வாட்ச்" என்றால் வரலாம், ஆயத்தமாகுங்கள் என்று பொருள். "வார்னிங்" என்றால் வந்துவிட்டது, அல்லது நிச்சயம் வருகிறது. பஃபலோ இருக்கும் ஈரி மாவட்டம் "டிராவல் பேன்" (பயணத் தடை) அறிவித்தால் காடி ஓட்டுவதே சட்டவிரோதம்.

7. பேறுகாலத்துக்கென்று ஒரு பனித்திட்டம்

2022 டிசம்பர் 23 தொடங்கி அடித்த பனிப்புயலில் பஃபலோவில் ஆம்புலன்ஸே போக முடியாத நேரம் இருந்தது. ஈரி மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த நாட்களிலும் பெண்களுக்கு வலி கண்டிருக்கும் அல்லவா? 36-ஆவது வாரத்திலேயே மகளை உட்காரவைத்து இந்தக் கேள்விகளை அவள் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்: பனி எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே வந்து சேரலாமா? மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க இடம் உண்டா? ரோடு மூடிய நேரத்தில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது? எங்கள் மகளின் டாக்டர், வார்னிங் வந்தாலே கூப்பிடு என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிருமே என்று தடித்த கோட்டைப் போட்டு, காடியில் உள்ள குழந்தை இருக்கையில் வைத்துப் பெல்ட் போடுவோம். மோதல் ஏற்பட்டால் அந்தக் கோட்டு அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பெல்ட்டை இறுக்கிப் போட்டுவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள். அங்கே நர்ஸ் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வீட்டுக்குள்

வீடு 20, 21 டிகிரியில் சூடாகத்தான் இருக்கும். ஆனால் காற்று வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். அறைக்கு ஈரம் தரும் கருவி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், கெட்டுப்போனது என்று எறியாதீர்கள், வெந்நீரில் வைத்தால் இளகும். தலைக்குக் குளித்தால் முழுக்கக் காயாமல் வெளியே போகாதீர்கள்.

இப்போது சாம்பிராணி. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாமல் நமக்கு மனம் ஆறாது. நானும் கரிக்கட்டி கொண்டுபோயிருந்தேன். நம் வீட்டில் நாலு பக்கமும் சன்னல் திறந்திருக்கும், கூரைக்கடியிலும் காற்று போகும். அந்த வீடுகள் குளிருக்காக இறுக மூடியவை. உள்ளே கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கிவிடும். அதற்கு வாடை கிடையாது, தூங்கினபடியே ஆளைக் கொன்றுவிடும். பச்சைப் பிள்ளையின் நுரையீரலுக்குப் புகையும் ஆகாது. நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் கரியைப் பெட்டியில் வைக்காதீர்கள். இதை ஒரு அம்மாவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே காரணத்தால் இன்னொன்று: வீட்டைச் சூடாக்கும் அடுப்பின் புகைக்குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக இருக்கலாம். பனி குவிந்து அதை அடைத்துவிட்டால் புகை உள்ளே திரும்பும். குழாய் எங்கே என்று மாப்பிள்ளையிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். கார்பன் மோனாக்சைடு மணி வேலை செய்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

9. வெளியே

தோட்டத்துப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) எழுந்து பழகியவர்கள் அங்கேயும் அதிகாலையில் நடக்கப் போக வேண்டும் என்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். டிசம்பரில் விடிய ஏழரை மணியாகும், மாலை 4:45-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டில் நடந்தால் ரோட்டில் கண்ணாடிபோல் படிந்த ஐஸ் தெரியாது. காலை பத்துக்கு மேல் போங்கள். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நடங்கள். கையைப் பைக்குள் விடாதீர்கள், விழுந்தால் ஊன்ற முடியாது. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை 20 டாலருக்குள் கிடைக்கும், கட்டாயம் வாங்குங்கள்.

பனி அள்ளுவதற்கு வீட்டுக்காரரை விடாதீர்கள். மண்வெட்டி பிடித்த கை என்பார்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும், ஈரப் பனி கல்லைப்போல் கனக்கும். ஒவ்வொரு ஆண்டும் அங்கே பனி அள்ளும்போது நெஞ்சடைத்து இறப்பவர்கள் உண்டு. அதற்கு வண்டி வைத்து அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை பேசிக்கொள்வார்.

காடியில் பனியில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். உள்ளேயே இருங்கள். புகைபோக்கியைச் சுற்றிப் பனியை ஒதுக்கிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். போர்வை, தண்ணீர், பிஸ்கட், டார்ச் லைட் எப்போதும் காடியில் இருக்கட்டும். வீட்டிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, பத்தியச் சாமான், பிள்ளைக்கு நாப்பி, எல்லோருடைய மருந்தும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

10. செலவு

எங்கள் இருவருக்கும் ஆனது: கடப்பிதழ் 200, விசா 1,740, விமானம் 12,600, காப்புறுதி 1,300, இங்கே வாங்கிய தெர்மல் 480, அங்கே வாங்கிய பூட்ஸ், ஜாக்கெட், கையுறை, தொப்பி, முள் பட்டை எல்லாம் சேர்த்து 254 டாலர், அப்போதைய மதிப்பில் 1,130 வெள்ளி. மொத்தம் 17,450. வீணாய்ப்போன இரண்டு ஜாக்கெட்டின் 920 வெள்ளி இதில் சேரவில்லை. கோலாலம்பூர் போய்வந்த செலவும் தனி.

11. திரும்பும் தேதி

விசா பத்து ஆண்டுக்குக் கிடைத்தாலும் ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்து அதிகாரிதான் முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம். இறங்கிய மறுநாள் மகளை இணையத்தில் ஐ-94 என்ற வருகைப் பதிவைத் திறக்கச் சொல்லி அந்தத் தேதியை எழுதி வையுங்கள். விசாவில் உள்ள தேதியைப் பார்த்துத் தங்கிவிட்டால் அடுத்த தடவை விசா கிடைப்பது கஷ்டம். திரும்பும் விமானமும் பனியில் ரத்தாகலாம், ஆகவே கடைசி நாள்வரை இழுக்காமல் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

நாங்கள் பிப்ரவரியில் திரும்பினோம். பூட்ஸ் இரண்டு சோடி, ஜாக்கெட் இரண்டு, முள் பட்டை எல்லாம் துவைத்துத் துடைத்து அலமாரியில் இருக்கின்றன. பெண்கள் பூட்ஸ் 7, ஆண்கள் 9. சுங்கை சிப்புட் பக்கம் யாராவது போவதாக இருந்தால், அளவு சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், அடுத்து போகிறவர்களுக்கு ஆகும்.